சிவப்பு வளையத்தில் பதினாறு சுற்று

மணவாளனின் கடைக்கு மோட்டார் கொண்டுவருகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்றால் போதும், உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு அதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"அந்தம்மா என்னா, வாய்க்குள்ளயே ஏதோ சொல்லிக்கிட்டுக் கெடக்குது?"

உள்ளே லோகநாயகி காயில் சுற்றிக்கொண்டிருப்பாள். வலது கை மெஷினின் பிடியைச் சுழற்றும், இடது கை செம்புக் கம்பியை வழிநடத்தும், உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். சத்தம் வராது. பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். நெல்லிக்குப்பத்துக் கரும்புக்காரர் ஒருவர், அவள் மந்திரம் சொல்லித்தான் சுற்றுகிறாள், அதனால்தான் தன் மோட்டார் புகையவே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். அவர் பேச்சைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் மோட்டாரோடு வந்தார்கள். மணவாளன் மறுக்கவில்லை. வியாபாரத்துக்கு நல்லதுதானே.

மந்திரமெல்லாம் ஒன்றும் இல்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த மெஷினில் எண்ணிக் காட்டுகிற முள் ஒன்று உண்டு. அவள் வேலைக்கு வந்த முதல் வாரமே அது உடைந்துபோனது. மாற்றலாம் மாற்றலாம் என்று மணவாளன் சொன்னதோடு சரி. அவள் வாய்தான் முள்ளாக இருந்தது.

லோகநாயகி பிறந்தது கீரப்பாளையத்தில். அப்பா அறுவடைக் காலத்தில் களம் களமாகப் போய் நெல் அளக்கிறவர். எட்டாவது முடிந்ததும் மேலே படிக்கச் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போகவேண்டும் என்றார்கள். பஸ்ஸில் கண்டக்டரிடம் வாய் திறந்து டிக்கெட் கேட்கவேண்டும், புதிய பள்ளியில் எழுந்து நின்று பேர் சொல்லவேண்டும். இரண்டையும் நினைத்துப் பார்த்துவிட்டு, நான் போகவில்லை என்று சொல்லிவிட்டாள். வீட்டில் யாரும் அவளை நிறுத்தவில்லை. அவளாகவே நின்றுகொண்டாள். பின்னால் அதை நினைத்து வருத்தப்பட்ட நாள்கள் உண்டு. அதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமாகிக் கடலூருக்கு வந்தாள். கணவன் சுப்புராயன் சர்க்கரை ஆலையில் அரவைக் கால வேலையாள், வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பான். அக்கா தில்லையம்மாளின் வீட்டுக்காரர்தான் மணவாளன். செம்மண்டலத்தில், நெல்லிக்குப்பம் ரோட்டோரம், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சும்மா இருக்கிற நேரத்துக்கு வந்து கம்பி பிடி என்று கூப்பிட்டார். கம்பி பிடிக்க வந்தவள் ஆறே மாதத்தில் அவரைவிட நன்றாகக் கட்ட ஆரம்பித்தாள். ஆள் வந்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். போகுமுன் வந்த ஆளை ஒரு நொடி பார்ப்பாள். மோட்டாரை எப்படித் தூக்கிவந்தான், எங்கே வைத்தான், எதைச் சொல்லாமல் விட்டான் என்பதெல்லாம் அவளுக்கு அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். "தண்ணி இல்லாம ஓட்டியிருக்கான் மாமா" என்று பிறகு சொல்வாள். பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

லூர்துசாமி அந்தக் கடைக்கு வந்தது ஒரு ஆனி மாதத்தில். சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளர், ஐம்பது வயது. சன்னமான எனாமல் கம்பி வேண்டும் என்றார்.

"இவ்ளோ சன்னத்துல எதுக்கு சார்? பொம்ம மோட்டாரா?" என்றார் மணவாளன்.

"ரேடியோவுக்கு."

"ரேடியோ இன்னும் இருக்குதா?"

"கேக்குற ரேடியோ இல்லீங்க. பேசுற ரேடியோ. ஹாம் ரேடியோன்னு சொல்லுவோம். லைசன்ஸ் வாங்கித்தான் பேசணும். புயல் வந்து டவர் சாஞ்சு, போனெல்லாம் செத்துப்போச்சுன்னா நாங்க பேசுவோம்."

"டவர் சாயாத நாள்ல?"

"அப்பயும் பேசுவோம்."

"யார்கிட்ட?"

"கெடச்சவங்ககிட்ட."

மணவாளன் உள்ளே திரும்பினார். "லோகா, கேட்டியா? கெடச்சவங்ககிட்டல்லாம் பேசறதுக்கு லைசன்ஸ் வாங்கி வச்சிருக்காரு. நீ வீட்ல இருக்கறவங்ககிட்டயே பேச மாட்டங்கிற."

லூர்துசாமி சிரித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு சிவப்பு வளையத்தை எடுத்தார். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. நடுவில் ஓட்டை. அதில் பதினாறு சுற்று சுற்றவேண்டும், பத்து நாளாக முயல்கிறேன், என் விரலுக்கு அடங்கவில்லை என்றார். அவர் சுற்றிய வளையம் ஒன்றையும் காட்டினார். கம்பி அவிழ்ந்த பின்னல்போல் இருந்தது. இத்தனை வருஷம் விலைக்கு வாங்கிய பெரிய ரேடியோவில்தான் பேசிக்கொண்டிருந்தாராம். கையால் ஒன்று செய்யப்போவது இதுதான் முதல் தடவை.

பின்பக்கம் போயிருந்த லோகநாயகி எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். அவர் வளையத்தைக் கொடுத்தார். நின்றபடியே சுற்றினாள். உதடு அசைந்தது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி மாறாமல், சீப்பின் பல்போல, வளையம் முழுவதும் கம்பி உட்கார்ந்தது.

லூர்துசாமி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டு ரேடியோ பண்ணப்போறேன் சிஸ்டர். ஒண்ணுக்கு மூணு, மொத்தம் இருபத்திநாலு. சுத்தித் தருவீங்களா?"

அவள் மணவாளனைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நீயே சொல் என்று. தலையை ஆட்டினாள். எப்படிச் சுற்றவேண்டும் என்று அளவும் படமும் போட்ட ஒரு பேப்பரை லூர்துசாமி அவளிடம் கொடுத்தார்.

அந்த எட்டும் அவருடைய கிளப்புக்கு. ஐப்பசியில், மழை முற்றுவதற்கு முன், கடற்கரை ஊர்களில் ஒரு ஒத்திகை வைக்கிறார்கள். எட்டு ஊரில் எட்டுப் பேர் உட்கார்ந்து பேசிப் பார்க்கவேண்டும். அது சரியாக நடந்தால் மற்ற ஊர்க் கிளப்புகளுக்கும் நாற்பது ரேடியோ செய்யவேண்டிவரும். "அந்த நாப்பதுக்கும் நீங்கதான் சுத்தணும்" என்றார். காயில்களை வாங்கிப்போக வந்த நாளில், ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பேனாவால் எழுதினார்: காயில் – லோகநாயகி, செம்மண்டலம்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் கட்டிய மோட்டார் எதிலும் அவள் பேர் இருந்ததில்லை. மணவாளன் கட்டிய மோட்டார் என்றுதான் சொல்வார்கள். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எழுத்தைப் பார்த்தபின், அந்த நாற்பதும் தனக்கு வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. இப்படி ஒன்றை வேண்டும் என்று அவள் நினைத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஒத்திகை ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை கடைக்குப் போன் வந்தது. மணவாளன் ஸ்பீக்கரில் போட்டார்.

"சிஸ்டர், ஒரு சின்னச் சிக்கல். கேக்கறது நல்லா கேக்குது. பேசுனா பவர் இல்ல. அஞ்சு வாட்ஸ் வரணும், ரெண்டேகால்தான் வருது. ஒரு வாரமா மண்டய ஒடச்சிக்கிறேன். கம்பி முனையில எனாமல் பூச்ச சரியா சொரண்டலையோ என்னமோ, அது இருந்தா கரண்ட் போகாது. நீங்க ஒரு எட்டு வந்து பாத்தா நல்லாருக்கும்."

"எத்தினி ரேடியோவுல சார்?" என்று அவளே கேட்டாள்.

"எட்டுலயும்."

லோகநாயகி மெஷினின் பிடியை விட்டாள். ஒன்றில் குறை என்றால் அதற்கு ஆயிரம் காரணம். எட்டிலும் ஒரே அளவு குறை என்றால், எட்டிலும் பட்ட ஒரே கையில்தான் கோளாறு.

"நாளைக்கு வரேன் சார்" என்றாள்.

"நானும் கூட வரட்டா?" என்றார் மணவாளன்.

"வேணாம் மாமா."

அவர் தில்லையம்மாளுக்குப் போன் போட்டு, லோகா தனியாகச் சிதம்பரம் போகிறாளாம் என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. நிலாவுக்குப் போகிறாள் என்பதுபோல் சொன்னார்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு போனாள். வயல்களில் நடவு முடிந்து தண்ணீர் நின்றது. அவள் மனசு முழுவதும் அந்த எட்டில் இருந்தது. சுரண்டாமல் விட்டேனா? இருபத்திநாலு வளையம், நாற்பத்தெட்டு முனை. ஒவ்வொன்றையும் பிளேடால் சுரண்டியது நினைவு இருக்கிறது. விட்டிருக்க மாட்டேன். விட்டிருந்தால்?

லூர்துசாமியின் வீடு ரயிலடிக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு தனி அறை. மேசை நிறைய வயரும் கருவியும். நடுவில் எட்டுப் பச்சைப் பலகைகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு ரேடியோவின் உள்பாகம். அவற்றின் முன் கையில் சால்டரிங் இரும்போடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இளமதி, அதே பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு இப்போது கிளப்பில் சேர்ந்தவள். எட்டு ரேடியோவுக்கும் ஈயம் வைத்தது அவள்தான்.

"வாங்கக்கா. நீங்கதான் காயில் லோகநாயகியா? பொட்டலத்துல பேர் பாத்தேன். நான் ஏதோ பாட்டியம்மான்னு நெனச்சேன்."

லோகநாயகிக்குச் சிரிப்பு வந்தது, காட்டவில்லை. ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதலில் முனைகளைப் பார்த்தார்கள். லூர்துசாமி மீட்டரின் இரண்டு ஊசிகளையும் காயிலின் இரண்டு பக்கமும் வைத்தார். பீப் என்றது. அடுத்தது, பீப். இருபத்திநாலும் பீப். சுரண்டல் சரி. லோகநாயகிக்கு ஒரு மூச்சு வெளியே வந்தது.

"பேட்டரி பாத்துட்டேன்" என்றார் அவர். "பேசும்போதும் வோல்டேஜ் எறங்கல. கேபிள் மாத்திப் பாத்தாச்சு. பவர் டிரான்சிஸ்டர் ரெண்டு செட்டு மாத்தியாச்சு. இப்ப பாருங்க. இளமதி, விசில் அடி."

ரேடியோவில் ஆன்டெனாவுக்குப் பதிலாக ஒரு சின்ன டப்பா மாட்டியிருந்தது. சோதனைக்கு வெளியே அலை போகக்கூடாது என்பதற்காக அது. பேசுவதையெல்லாம் டப்பா தனக்குள் வாங்கிச் சூடாக்கிக்கொள்ளும். பேச்சு ஏறி இறங்கும், பவர் மீட்டரின் முள் ஆடும், அதனால் ஒரே சீராக விசில் அடித்துத்தான் பவர் பார்க்கவேண்டும். இளமதி மைக்கைப் பிடித்து நீளமாக விசில் அடித்தாள். முள் எழுந்து, இரண்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது.

"ஒரு வாரமா அடிக்கிறேன்க்கா. உதடே வீங்கிப்போச்சு. கீழ்வீட்டுக்காரரு, பொம்பளப் புள்ள விசிலடிக்குதேன்னு சார்கிட்ட கம்ப்ளெயின்ட்டு."

"நான் அடிச்சா வெறும் காத்துதான் வருது சிஸ்டர், அதான் இந்தப் புள்ளைய புடிச்சு வச்சிருக்கேன்" என்றார் லூர்துசாமி.

அந்த மூன்று சிவப்பு வளையமும் என்ன செய்கின்றன என்று அவளுக்குச் சொன்னார். பேச்சு ஆன்டெனாவுக்குப் போகும் வாசலில் அவை காவல் நிற்கின்றன. வேண்டாத அலையைத் தடுத்து, வேண்டியதை விடவேண்டும். பிறகு ஒரு பல்குச்சியால், முதல் வளையத்தின் சுற்றுகளை லேசாக விலக்கினார். "இப்ப அடி." முள் இரண்டரைக்கு ஏறியது. சுற்றுகளை நெருக்கித் தள்ளினார். இரண்டுக்கும் கீழே போனது.

"வெலக்குனா ஏறுது, நெருக்குனா எறங்குது. காயில் பலம் ஜாஸ்தியா இருந்தா இப்படித்தான் ஆகும்னு புத்தகத்துல போட்டிருக்கு. வேண்டியதையும் சேத்துத் தடுத்துடும். ஆனா காயில் சரியாத்தான் இருக்கு. நான் எண்ணிட்டேன்."

செல்போனின் கேமராவில் வளையத்தைப் பெரிதாக்கி, குச்சியின் முனையை வெளிவிளிம்பில் ஒவ்வொரு கம்பியாக வைத்து, அவளுக்காக மறுபடியும் எண்ணினார். "...பதினாலு, பதினஞ்சு, பதினாறு. பாத்தீங்களா? பேப்பர்ல இருக்கறதும் பதினாறு. அப்ப காயில் இல்ல. இந்த டிரான்சிஸ்டர்தான் போலிச் சரக்கு. பெங்களூர்லேருந்து நல்லது வரவைக்கணும், வர அடுத்த வாரம் ஆகும். சனிக்கிழமை ஒத்திகைக்கு நம்ம கிளப் வரலன்னு சொல்லிட வேண்டியதுதான்."

"என் சால்டரிங்காவும் இருக்கலாம் சார்" என்றாள் இளமதி. இதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் குரல் இறங்கியிருந்தது. "சூடு ஜாஸ்தியாக்கிக் கெடுத்திருப்பேன்."

லோகநாயகி அவர் எண்ணியபோது வளையத்தைப் பார்க்கவில்லை, குச்சியின் முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெளியே வெளியே போனது. ஓட்டைக்குள் போகவே இல்லை. அவர் கொடுத்த பேப்பரில், கம்பி ஓட்டைக்குள் ஒருமுறை நுழைந்தால் ஒன்று என்று படம் போட்டிருந்ததே. இரண்டு முனையும் நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் வெளியே முழுச் சுற்று தெரியாது, வெளியே எண்ணினால் ஒன்று விட்டுப்போகும். வெளியே பதினாறு என்றால் உள்ளே?

மேசையில் மீதியிருந்த வெறும் வளையம் ஒன்றை எடுத்தாள். ஒரு முழம் கம்பி எடுத்தாள். சுற்ற ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. அந்த அறையில் மெஷின் சத்தம் இல்லை, ரோட்டுச் சத்தம் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் வாய் சொல்வதைத் தானே கேட்டாள்.

லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு.

அவள் கை நின்றது.

அப்பா களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். அடுத்தது ரெண்டு. எல்லாக் களத்திலும் அதுதான் வழக்கம். அதைக் கேட்டு வளர்ந்தவள் மோட்டார் கடைக்கு வந்தபோது, மணவாளன் வேறு ஒன்று சொல்லிக்கொடுத்தார்: முதல் சுற்று பிடிப்புக்கு, அது கணக்கில் வராது, அடுத்த சுற்றிலிருந்து ஒன்று என்று எண்ணு. வாயை மூடிக்கொண்டு ஒரு சுற்றைத் தொடங்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்தப் பிடிப்புச் சுற்றுக்கு லாபம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஒன்று என்று ஆரம்பித்தாள். அப்படியே பழகிவிட்டது. அறுபது எழுபது சுற்றுச் சுற்றும் மோட்டாரில் ஒன்று கூடினால் யாருக்கும் தெரியாது. பதினாறே சுற்றுச் சுற்றும் இந்த வளையத்தில் தெரியும்.

காதுமடல் சூடாகிவிட்டது அவளுக்கு. லூர்துசாமி யாருக்கோ போன் போட எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். இளமதி தன் கையால் வைத்த ஈயப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாவிட்டால் குறை டிரான்சிஸ்டரோடு போகும், நாற்பதும் தன்னிடம் இருக்கும். சொன்னால் நாற்பது இல்லை, பொட்டலத்தின் மேல் பேரும் இல்லை. ஆனால் அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருப்பது தன்னுடைய தப்பை அல்லவா?

"சார்."

யாருக்கும் கேட்கவில்லை.

"சார், அது பதினாறு இல்ல சார்."

லூர்துசாமி நிமிர்ந்தார். "எது சிஸ்டர்?"

"காயில். பதினேழு இருக்குது. நீங்க வெளிய எண்ணுனீங்க. ஓட்டைக்குள்ள எண்ணுங்க. எத்தினி தரம் உள்ள போகுதோ அதான் சார் கணக்கு. ஒங்க பேப்பர்லயே போட்டிருக்குது."

அவர் குச்சியை உள்ளே விட்டு எண்ணினார். ஒருமுறை. இன்னொருமுறை. இளமதி எழுந்துவந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணினாள்.

"பதினேழு சார்!" என்றாள்.

"எங்கிட்டதான் தப்பு" என்றாள் லோகநாயகி. வாழ்நாளில் அவள் மூச்சு விடாமல் பேசியது அப்போதுதான். அப்பாவின் மரக்கால், மாமாவின் பிடிப்புச் சுற்று, லாபம், எல்லாவற்றையும் சொன்னாள். "மத்த வேலைய யார்ட்டயாவது குடுக்கறதுன்னா குடுங்க சார். இந்த எட்ட மட்டும் நான் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறேன். அந்தப் புள்ளமேல ஒண்ணும் இல்ல."

லூர்துசாமி குச்சியைக் கீழே வைத்தார். முதல் பலகையை அவள் பக்கம் தள்ளினார். "மொதல்ல இத அவுத்துப் பாப்போம் சிஸ்டர்."

இளமதி ஈயத்தை உருக்கிக் கம்பியின் ஒரு முனையை விடுவித்தாள். லோகநாயகி ஒரு சுற்றை உருவினாள், மிச்சத்தைச் சீராகப் பரப்பினாள், முனையைச் சுரண்டிக் கொடுத்தாள். இளமதி மறுபடி ஈயம் வைத்தாள். மூன்று வளையம். பேட்டரியை மாட்டினார்கள். இளமதி உதட்டை நனைத்துக்கொண்டு விசில் அடித்தாள்.

முள் எழுந்தது. இரண்டைத் தாண்டியது. மூன்றைத் தாண்டியது. நாலரையில் ஒரு நொடி தயங்கி, ஐந்துக்குப் போய் நின்றது.

விசில் பாதியில் நின்று கத்தலாக மாறியது. "சார்! அஞ்சு சார்! அக்கா, அஞ்சு!" கீழ்வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. லூர்துசாமி நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். லோகநாயகி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்துகொண்டாள். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொம்பு நிறையக் குடித்தாள்.

"சிஸ்டர், நீங்க ஒண்ணு ஜாஸ்தியா சுத்துனீங்க, நான் ஒண்ணு கம்மியா எண்ணுனேன்" என்றார் லூர்துசாமி. "ஒருத்தர் தப்பு ஒருத்தர் தப்ப மறச்சிடுச்சு. நான் ஒழுங்கா எண்ணியிருந்தா மொத நாளே முடிஞ்சிருக்கும். பாவம் அந்த டிரான்சிஸ்டர் கடைக்காரன, அவன் வம்சத்தையே திட்டிட்டேன்."

"அந்த நாப்பது..." என்று ஆரம்பித்தாள் அவள். 

"நீங்கதான் சுத்தணும். இருவத்திநாலுலயும் அச்சடிச்சாப்ல ஒரே ஒண்ணு ஜாஸ்தி. ஒண்ணுல பதினஞ்சு, ஒண்ணுல பதினெட்டுன்னு இருந்திருந்தா நாம இன்னைக்கு என்னத்தக் கண்டுபிடிச்சிருப்போம்? ஒரே மாதிரி சுத்துற கைக்கு நான் எங்க போவேன்?" என்றவர், "லாபத்த மட்டும் விட்டுருங்க. எங்களுக்கு அது கட்டுபடியாகாது" என்றார்.

இந்தத் தடவை லோகநாயகி வாய்விட்டுச் சிரித்தாள்.

சாப்பாட்டுப் பையைத் திறந்தார்கள். அவள் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். லூர்துசாமியின் வீட்டில் மீன் குழம்பு. இளமதி இரண்டையும் கலந்து சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சாதித்தாள். பிறகு மீதி ஏழையும் எடுத்தார்கள். உருவு, பரப்பு, சுரண்டு, ஈயம், விசில். ஐந்து. நாலேமுக்கால். ஐந்து. ஒவ்வொரு முறையும் முள் ஏறும்போது அவள் தோளிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியது.

எட்டாவது வந்தபோது இளமதியின் உதட்டில் காற்றுதான் வந்தது. "முடியலக்கா. நீங்க அடிங்க."

"எனக்கு வராது."

"அப்ப ஊன்னு சொல்லுங்க. நீளமா."

லோகநாயகி மைக்கைப் பார்த்தாள். "யாருக்காவது கேக்குமா சார்?"

"ஒருத்தருக்கும் கேக்காது. எல்லாம் அந்த டப்பாவுக்குள்ளயே சூடாப் போயிடும்."

மைக்கை வாங்கி, மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டு, ஊ என்றாள். முதலில் சன்னமாக. முள் பாதியில் நின்றது. "சத்தமாக்கா!" என்றாள் இளமதி. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். தன் குரல் இவ்வளவு நீளம் போகும் என்று அவளுக்குத் தெரியாது. முள் ஐந்தில் போய் அசையாமல் நின்றது. கையை நீட்டி டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

சாயங்கால பஸ்ஸில் கண்டக்டரிடம் செம்மண்டலம் என்று சொன்னாள். இரண்டாம் முறை சொல்லவேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை கடையில் எல்லாவற்றையும் மணவாளனிடம் சொன்னாள். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"இரு இரு. அப்ப பத்தொம்போது வருஷமா நம்ம கட்டுன எல்லா மோட்டார்லயும் ஒரு சுத்து ஜாஸ்தியா?"

"காயிலுக்கு ஒண்ணு மாமா."

"காயிலுக்கு ஒண்ணா! அடிப்பாவி. அதான் கம்பிச் சுருளு சீக்கிரம் சீக்கிரம் தீருதா? நான் எலி தின்னுதுன்னு நெனச்சேன்."

"செம்பு எலி தின்னுமா மாமா? மொத சுத்து கணக்குல வராதுன்னு சொன்னது நீங்கதான்."

 அந்தக் கணக்கைத் தனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று மணவாளன் யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. "மோட்டார் ஓடுதுல்ல? ஓடட்டும். இத நெல்லிக்குப்பத்தார்கிட்ட மட்டும் சொல்லிடாத. மந்திரம்னே இருக்கட்டும்" என்றுவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஒத்திகை நடந்தது. எட்டு ஊரிலிருந்தும் எட்டுக் குரலும் சிதம்பரத்தில் கேட்டன. ஒரு ஊரில் மழை, இன்னொன்றில் நாய் குரைக்கிறது என்பதுவரை கேட்டதாம். மதியம் லூர்துசாமி அதைப் போனில் பதிவுசெய்து அனுப்பினார். மணவாளன் அதைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக்காட்டி, இது நம்ம லோகா சுத்துன காயில் வழியா வர்ற குரலு என்றார். இரண்டு தடவை கேட்டுவிட்டு, மூன்றாம் தடவை போட்டபோது அவள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த நாற்பதையும் லோகநாயகி சுற்றிக்கொடுத்தாள், அதற்குப் பிறகு வந்த அறுபத்தைந்தையும் அவள்தான் சுற்றினாள். இப்போது இளமதியும் அவளும் மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை லூர்துசாமி வீட்டு மாடியில் சேர்ந்து உட்கார்கிறார்கள், ஒருத்தி சுற்றுகிறாள், ஒருத்தி ஈயம் வைக்கிறாள். மற்ற நாள்களில் லோகநாயகி கடையில் மோட்டார் கட்டுகிறாள். லைசன்ஸ் பரீட்சை எழுது என்று இளமதி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். லோகநாயகி இன்னும் எழுதவில்லை.